எண்ணெயில் விளைந்த கல்

என் அப்பா கலியாணசுந்தரத்துக்கு வேலை, சேலை பார்ப்பது. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தார். நெசவாளர் தறியிலிருந்து அறுத்து எடுத்துவரும் சேலையை அவர் பார்த்து முத்திரை போட்டால்தான் அது கடைக்குப் போகும்.

முதலில் தராசு. சங்கம் நெசவாளருக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுக்கும். கொடுத்தது சேலையாகத் திரும்பி வரும்போது எடை ஒத்துப்போக வேண்டும். அடுத்து ஜரிகையை நகத்தால் சுரண்டுவார். அசல் என்றால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். பட்டு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரண்டு நிற்கும்.

அவருடைய நண்பர் குமாரசாமி நெசவாளர். எங்கள் தெருக்காரர். சேலை கொண்டுவரும்போதெல்லாம் அவருக்குப் பொறுமை போய்விடும்.

“இன்னாய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருக்கற?”

“பொண்ணை ஒரு தடவை பாத்தா போதும். உன் சேலையைத்தான் ரெண்டு தடவை பாக்கணும்.”

முத்திரை போட்டபிறகு ஒரு சேலையையும் அப்பா திரும்ப வாங்கியதில்லை. புகார் வந்தால், “நான் பாத்தது. அதுல ஒண்ணும் இருக்காது” என்பார். பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெருமை அவருக்கு இருந்தது. அவர் மகளான எனக்கும்தான்.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வீட்டில் சாமி படங்கள் அம்மாவின் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். நான் பிறப்பதற்கு முன்பு அம்மா திருப்புட்குழிக் கோயிலுக்குப் போய், பிள்ளை வரம் கேட்பவர்கள் வழக்கப்படி வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் பயறு முளை விட்டிருந்தால் குழந்தை பிறக்கும் என்பது அங்கே நம்பிக்கை. முளை விட்டதாக அம்மா சொல்வாள். அப்பா அதை வைத்து அவளை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தார். சாம்பாரில் பயறு விழுந்தால்கூட, “பாத்துடி காந்தா, முளைச்சிடப் போவுது” என்பார்.

ஓய்வு பெற்றபின் அவருக்குப் பொழுது போகவில்லை. நான் ஜவுளி வேதியியல் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். ஒரு கணினி வாங்கி வீட்டில் வைத்தேன். தமிழில் தட்டச்சு செய்யச் சீக்கிரமே கற்றுக்கொண்டார். இரண்டாயிரத்து எட்டில் எல்லோரும் ஆர்க்குட் என்ற இணையத் தளத்தில் இருந்தார்கள். அப்பாவும் சேர்ந்தார்.

போலிப் பட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதினார். நன்றாகவே எழுதினார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேள்விகள் வந்தன. ‘பட்டு ஐயா’ என்று பெயர் கிடைத்தது. அப்படித்தான் கலைவாணன் அவரைக் கண்டுகொண்டான்.

கலைவாணன் சென்னையில் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருந்தான். ஆர்க்குட்டில் ‘கத்தியின்றி குணம்’ என்று ஒரு குழு நடத்தினான். சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீர், புற்றுக்கு எலுமிச்சை, மூட்டுவலிக்கு ஏதோ ஒரு இலை. எல்லாவற்றுக்கும் கீழே நூறு நன்றிகள். எந்த நோயாளி, எந்த ஊர், எந்த மருத்துவர் பார்த்தார் என்று ஒன்றிலும் இருக்காது. நான் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிட்டேன். சாக்கடை மூடியைத் திறந்த கையோடு மூடுவதுபோல.

அந்த ஆண்டு ஆடியில் அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. விருந்து சாப்பிட்டால் வரும், முதுகுவரை இழுக்கும், வாந்தி எடுப்பார். பெரிய காஞ்சிபுரத்தில் டாக்டர் தாவீது என்ற அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள்.

“நிறைய சின்னக் கல்லுங்க ஐயா,” என்றார் டாக்டர். “சின்னதுதான் வில்லங்கம். பெருசு பைக்குள்ளயே கிடக்கும். சின்னது நழுவிக் குழாயில மாட்டிக்கும். பையை எடுத்துடலாம். சின்னத் துளை போட்டு எடுக்கறதுதான்.”

“எடுக்காம கரைக்க முடியாதா?”

“முடிஞ்சா நான் ஏன் ஐயா கத்தியைத் தீட்டிக்கினு இருக்கப் போறேன்?”

அப்பா சிரிக்கவில்லை. அவருடைய அண்ணன் வேலாயுதம் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளப் போய் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அது பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அப்பாவுக்கு நேற்று நடந்தது மாதிரி.

அவர் வீட்டுக்கு வந்து குழுவில் கேட்டார். கலைவாணன் அன்றே பதில் போட்டான். சில நாட்கள் ஆப்பிள் சாறு. பிறகு பேதி உப்பு. பிறகு, படுக்கப்போகும்போது நல்லெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்துவிட்டு வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். காலையில் கற்கள் வெளியேறிவிடும், வலியே இருக்காது. அமெரிக்க மருத்துவர் ஒருவரின் ஆராய்ச்சி என்று எழுதியிருந்தான்.

பின்னால் நான் தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்த மின்னஞ்சல் அது. வரிக்கு வரி அதேதான். ஆலிவ் எண்ணெய் இருந்த இடத்தில் செக்கு நல்லெண்ணெய், அவன் கடையில் கிடைப்பது. அதே செய்தியைப் பக்தர்கள் இருக்கும் இன்னொரு குழுவிலும் அவன் போட்டிருந்தான். அங்கே அமெரிக்க மருத்துவர் இல்லை. பதினெண் சித்தர்கள் இருந்தார்கள். ஆளுக்குத் தகுந்த சட்டை. அப்பாவுக்குச் சித்தரைக் காட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவன் அதைத் தெரிந்து வைத்திருந்தான்.

அப்பா என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் பிறகு சொன்னாள்.

“நான் பயறு கட்டிக்கினு படுத்தா மூடநம்பிக்கை. நீங்க எண்ணெ குடிச்சிட்டு வலப்பக்கமா படுத்தா விஞ்ஞானமா?” என்று கேட்டாளாம்.

“உன் பயறு முளைச்சத நீ மட்டும்தான் பாத்த. இத ஊரே பாக்கும். போட்டோ எடுத்துப் போடப் போறேன்” என்றாராம் அப்பா.

போட்டார். எவர்சில்வர் தட்டு. அதில் பச்சை உருண்டைகள். மிளகு அளவில் சில, நெல்லிக்காய் அளவில் சில. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. கீழே அவர் எழுதியிருந்தது: ‘வாழ்நாளெல்லாம் போலிகளைப் பிடித்தவன் நான். இது போலியல்ல. கண்ணால் பார்த்தேன். கையால் தொட்டேன். ஐயம் உள்ளவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம்.’ எண்ணும் கொடுத்திருந்தார்.

அவருடைய முத்திரை அது. கலைவாணன் அதைக் குழுவின் முகப்பில் தூக்கி வைத்தான். ‘பட்டு ஐயாவே சொல்லிவிட்டார்’ என்று எழுதினான். போலியைக் கண்டுபிடிப்பவரே நல்லது என்று சொன்னபிறகு வேறு என்ன வேண்டும்? பலரும் செய்தார்கள். பலருடைய தட்டுகளின் படமும் வந்தது. மலத்திலிருந்து பொறுக்கி எடுத்ததை அலசித் தட்டில் வைத்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா தெம்பாக இருந்தார். கொழுப்பே இல்லாமல் ஆப்பிள் சாறாகக் குடித்தவருக்கு வலி வராது. பித்தப்பைக்கு வேலையே இல்லை. அதை அவர் குணம் என்று எண்ணினார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, இட்லிமாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். அதற்குள் கற்கள்.

“பாரு. உங்க டாக்டர் வயித்தைக் கிழிச்சு எடுக்கறேன்னாரு.”

நான் ஒன்றை எடுத்து அழுத்தினேன். சோப்பு மாதிரி வழுக்கியது.

“அப்பா, இது கல்லு இல்ல. நீங்க குடிச்ச எண்ணெ.”

“எண்ணெ உருண்டையாவுமா? எண்ணெ பச்சையா இருக்குமா?”

“எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடல்ல இருக்கற காரத்தோட சேந்து சோப்பு மாதிரி திரளும். பித்தம் பட்டா பச்சையாவும்.”

“அப்ப வலி எங்க போச்சு?”

நான் ஓர் உருண்டையைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். நெருப்பு பட்டும் படாததுமாக உருகி ஓடியது. அடுக்களை முழுக்க எண்ணெய் நாற்றம். அவர் மூக்கைச் சுளித்தார். அவருக்குப் பழக்கமான பரிசோதனைதான். இதற்குமேல் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

“பித்தக் கல்லு கொழுப்புதானே? கொழுப்பு உருகத்தான் செய்யும்” என்றார்.

பதில் தயாராக இருந்தது. குழுவில் ஏற்கெனவே யாரோ கேட்டு, கலைவாணன் சொல்லிக் கொடுத்த பதில். முழுப் பொய்யும் இல்லை. அதுதான் அந்த ஆளின் திறமை. பித்தக் கல் பெரும்பாலும் கொழுப்புத்தான். ஆனால் அது உருக நூற்று நாற்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நான் இன்னொன்றை எடுத்து ஜன்னலில் வெயிலில் வைத்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் குழைந்து எண்ணெயாக வழிந்து, ஜன்னல் கம்பியில் கறை படிந்தது. அம்மா துணியை எடுத்துத் துடைத்தாள்.

“வயித்துக்குள்ள வெயிலைவிடச் சூடு குறைச்சல்பா. அதான் உள்ள உருண்டையா இருந்துது. நெஜக் கல்லு ஜன்னல்ல உருகாது.”

அவர் டம்ளரை மறுபடி குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தார்.

“சரி, உங்க கணக்குலயே சொல்றேன். குமாரசாமி மாமாவுக்கு பட்டு எடை போட்டுக் குடுப்பீங்க. சேலையா திரும்பி வரும். அந்தப் பட்டு அவரு தறியிலயா விளைஞ்சுது? நீங்க குடுத்ததுதானே திரும்பி வந்துது? எண்ணெ உள்ள போச்சு. எண்ணெ வெளிய வந்துச்சு. இதுல கல்லு எங்க இருக்குது?”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேச்சு அவருக்கு உறைத்தது. முகத்திலேயே தெரிந்தது.

“பித்தக் குழாய் இவ்ளோதான் இருக்கும்.” ஈர்க்குச்சியை உடைத்துக் காட்டினேன். “இதுல நெல்லிக்காய் எப்பிடி வரும்?”

“எண்ணெ போட்டா வழுக்கிக்கினு வரும்.” சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

கடைசியில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சம்மதித்தார். “கல்லு இல்லைன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது” என்று நிபந்தனை. சம்மதித்தேன்.

கல் இருந்தது. முன்பு இருந்த அதே கூட்டம், அதே இடத்தில். டாக்டர் தாவீது இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். கிண்டல் செய்யவில்லை. “ஐப்பசி ஆரம்பத்துல வெச்சுக்கலாமா ஐயா?” என்று மட்டும் கேட்டார். அப்பா தலையாட்டினார்.

வீட்டில் இறங்கியதும், “குழுவுல எழுதணும்” என்றார்.

“எழுதுங்கப்பா. தப்புன்னு தெரிஞ்சா சொல்றதுதானே பகுத்தறிவு?”

“போன்ல கேட்டு ரொம்பப் பேரு செஞ்சிருக்காங்கமா. ஒரு அம்மா தினம் பேசுது. அதுங்களுக்கு இன்னா சொல்றது?”

எழுதினார். எனக்குத் தெரிந்து நேர்மையான நாலு வரி: ‘மறுபடி ஸ்கேன் எடுத்தேன். கற்கள் அப்படியே உள்ளன. நான் பார்த்தது கற்கள்தானா என்று எனக்கே ஐயமாக இருக்கிறது. யாரும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.’

அது குழுவில் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. கலைவாணன் நீக்கிவிட்டு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தான். அம்மா பக்கத்தில் இருந்தாள். அவன் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. அப்பா பேசியது கேட்டது. “அப்படிங்களா?” “ஈரல்லேந்து புதுசா எறங்கினதுங்களா?” “ரெண்டாவது தடவையும் குடிக்கணுங்களா?” “ஆமா, ஜனங்க கொழம்பிடுவாங்கதான்.” கடைசியில், “நீங்க சொல்றதும் ஞாயந்தான். நான் முத்திரை போட்டது.”

அந்த நாலு வரி நீக்கப்பட்டதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டேன். அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இனி கவலை இல்லை என்று இருந்தேன்.

அறுவைக்கு முந்தைய வாரம் அவர் இரண்டாம் முறை எண்ணெய் குடித்தார். முதல் முறை உண்டாகாத வலி இந்த முறை விடியும்போதே வந்தது. எண்ணெய் உள்ளே போனால் பித்தப்பை இறுகிச் சுருங்கும். சுருங்கியபோது ஒரு சின்னக் கல் நழுவிக் குழாயில் அடைத்துக்கொண்டது, கணையம் வெந்துபோனது. டாக்டர் தாவீது முதல் நாளே சொன்ன அதே சின்னக் கல். அவரே ஆம்புலன்சில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவைப் பார்த்தபோது வாயில் குழாய் இருந்தது. பேச முடியவில்லை. நான் வேதியியல் எதுவும் பேசவில்லை. அவர் விரல்கள் போர்வை விளிம்பைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தன, துணியின் தரம் பார்ப்பவர்போல. அப்படியே போய்விட்டார்.

உடலைக் கொண்டுவந்த அன்று குமாரசாமி மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையான அழுகை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்.

“ரெண்டாவது தடவை எலுமிச்சங்கா கம்மியா போட்டுட்டான்மா. கலைவாணன் தம்பி சொல்லிச்சு. அதான் வில்லங்கம்.”

அப்பாவின் கைப்பேசி அன்றும் அடித்தது. திருச்சியிலிருந்து ஒருவர். எண்ணெய் குடித்தபின் வெந்நீர் குடிக்கலாமா என்று கேட்டார். “அவர் இறந்துட்டார். எண்ணெ குடிச்சுத்தான் இறந்தார்” என்றேன். “அடடா,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வேற ஏதாச்சும் வியாதி இருந்திருக்கும்ல?” என்றார். நான் இணைப்பைத் துண்டித்தேன். அந்தத் தொலைபேசி எண்ணையே மாற்றினேன். குழுவின் முகப்பில் அந்தத் தட்டும் தீப்பெட்டியும் அப்படியே இருந்தன. நீக்கச் சொல்லி எழுதினேன். கலைவாணன் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தான். நீக்கவில்லை. அப்பாவின் கணக்குக்குள் போய் அவர் பெயரிலேயே நடந்ததை எழுதினேன். ‘ஐயாவின் கணக்கை விஷமிகள் திருடிவிட்டார்கள்’ என்று அறிவித்து அவரைக் குழுவிலிருந்தே வெளியேற்றினான். தட்டை மட்டும் வைத்துக்கொண்டான்.

எங்கள் வீட்டில் கருமாதி கிடையாது. அப்பாவின் தோழர்கள் வீடுகளில் வழக்கம் படத்திறப்பு. ஒரு மண்டபத்தில் கூடி, இறந்தவர் படத்தைத் திறந்து, நாலு பேர் அவரைப் பற்றிப் பேசிவிட்டுச் சாப்பிட்டுக் கலைவார்கள். குமாரசாமி மாமா எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விட்டுவிட்டேன்.

அன்று காலை பஸ்சை விட்டு இறங்கியபோது சுவரில் அறிவிப்பைப் பார்த்தேன். ‘பட்டு ஐயா கலியாணசுந்தரம் படத்திறப்பு – கல்லில்லா வாழ்வு இலவச முகாம். சிறப்புரை: கத்தியின்றி குணம் கலைவாணன்.’ பட்டு நூல் சாயம் மாதிரி அடர் சிவப்பு எழுத்து.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். கூட்டம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். மீதிப் பேர் கையில் ஸ்கேன் உறை வைத்திருந்தார்கள். மேடையில் அப்பா படம், மாலையோடு. படத்துக்கு இடப்பக்கம் மேசையில் எண்ணெய்ப் புட்டிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. வலப்பக்கம் நாற்காலியில் அம்மா. தோளில் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

“மாமா, இன்னா இது?”

“உங்கப்பா பேரு நிக்கணும்மா. சும்மா சோறு போட்டு அனுப்பிச்சா யாரு ஞாபகம் வெச்சிப்பாங்க? அவன் கண்டுபிடிச்சது நாலு பேருக்கு உபயோகப்படட்டும்.”

“அது அவரைக் கொன்னுடுச்சு மாமா.”

“அப்பிடிச் சொல்லாத. கலியாணன் இன்னா ஏமாந்தவனா? ஊர்ல போலி ஜரிகை எவன் கொண்டாந்தாலும் மோந்து பாத்தே சொல்றவன்.”

குமாரசாமி மாமாவுக்கு அப்பாவை முட்டாளாக்க மனமில்லை. அவருக்கு நண்பன் ஏமாந்ததைவிட எலுமிச்சை குறைந்ததுதான் தாங்கிக்கொள்ள முடிந்த காரணம். அம்மாவுக்கும் அப்படித்தானோ என்று மேடையைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கலைவாணன் மைக்கைப் பிடித்தான். வெள்ளைச் சட்டை. நல்ல குரல். “உழைப்பாளி. பகுத்தறிவாளர். கண்ணால் கண்டதை மட்டுமே நம்பியவர்” என்றான். அப்பாவுடைய தட்டின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். அதை உயர்த்திக் காட்டினான். கூட்டம் கைதட்டியது. செத்தவர் மலத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கினான்.

நான் மேடை ஏறினேன். இரண்டு ஸ்கேன் படங்களையும் எடுத்துப் போயிருந்தேன். மைக்கை வாங்கினேன்; அவன் தடுக்கவில்லை, விட்டுக்கொடுத்தான். பெரிதாகப் பேசவில்லை. அவர் வெளியேற்றியது எண்ணெய்தான், கல் இல்லை. முன்பும் பின்பும் எடுத்த படங்களில் அதே கற்கள் இருக்கின்றன. இரண்டாவது முறை குடித்தபோது ஒன்று நழுவி அடைத்து இறந்தார். உங்கள் கையில் இருக்கும் உறையை எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் போங்கள் என்றேன். 

கலைவாணன் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

“பெத்த அப்பாவைப் பறி கொடுத்த பொண்ணு. துக்கத்துல பேசறாங்க. நாம தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றான். சிலர் ‘பாவம்’ என்றார்கள். ஒருவர் எழுந்து, “எண்ணெயைச் சூடு பண்ணிக் குடிக்கணுமா தம்பி, பச்சையாவா?” என்று கேட்டார். நான் பேசி ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் ஸ்கேன் உறை. அவள் என்னையும் பார்க்கவில்லை, கலைவாணனையும் பார்க்கவில்லை. அம்மாவைக் கேட்டாள்.

“ஏம்மா, நீங்க சொல்லுங்க. கூடவே இருந்தவங்க. நெஜமாவே கல்லு வந்துதா?”

கலைவாணன் சிரித்த முகமாக மைக்கை அம்மாவின் வாயருகில் நீட்டினான்.

அம்மா அந்தப் பெண்ணின் மடியிலிருந்த உறையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“வந்துதுமா. தட்டு நெறைய வந்துது. அவரும் போயிட்டாரு.”

அம்மா பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள். எழுந்து, அப்பா படத்தை மாலையோடு ஆணியிலிருந்து கழற்றினாள். கனமாக இருந்தது, நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன். குமாரசாமி மாமா, “இன்னா காந்தா இது, சாப்பிடாம போனா எப்பிடி” என்று ஓடிவந்தார். அம்மா அவரைத் தாண்டி நடந்தாள்.

ஆட்டோவில் படத்தை வைக்க இடம் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“இரும்மா. டாக்டருகிட்ட போங்கன்னீங்களே, எந்த டாக்டரு?”

டாக்டர் தாவீது என்றேன். இடம் சொன்னேன். உறையைப் பிரித்துப் பார்த்தேன். சின்னக் கற்கள், நிறைய.

“உங்களுக்கா?”

“எங்க வூட்டுக்காரருக்கு. உள்ளதான் இருக்காரு. இருங்க, கூட்டிக்கினு வர்றேன். ஆட்டோவுலயே போயிடலாம்.”

நாங்கள் காத்திருந்தோம். மண்டபத்து ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. அவள் ஆண்கள் வரிசையில் ஒருவர் பக்கத்தில் குனிந்து பேசினாள். நீல லுங்கி, நெசவாளர் மாதிரி ஒட்டிய வயிறு. அவர் தலையை ஆட்டினார். அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் கையைத் தட்டிவிட்டு, மேடையைக் காட்டி ஏதோ சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேடையில் கலைவாணன் மறுபடி பேச ஆரம்பித்திருந்தான். படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி. அதற்குக் கீழே தட்டின் படத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

அவள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“போப்பா” என்றாள் அம்மா, ஆட்டோக்காரரிடம்.